சலோமேயின் பிஸ்டல்

சலோமே பதூகான் முதல் தடவை என் பட்டறைக்கு வந்தபோது விலையைக் கேட்கவில்லை. எது அழகாக இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. மேஜைமேல் நான் எடுத்து வைத்த ஐந்து பிஸ்டல்களையும் வரிசையாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல எது நடுவுல நிக்காது?" என்று கேட்டாள்.

"எல்லாமே ஒரு நாள் நிக்கும்," என்றேன்.

"அப்ப எது கடைசியா நிக்கும்?"

அந்தக் கேள்விக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. போட்டியில் சுட வருகிறவர்கள் பெரும்பாலும் குறி தப்பாத துப்பாக்கி வேண்டும் என்றுதான் கேட்பார்கள். குறி தப்புவது துப்பாக்கியால் அல்ல. ஆனால் ஓடி, மண்டியிட்டு, சுவரோரமாக எட்டிப் பார்த்துச் சுடுகிற எங்கள் போட்டியில், பிஸ்டல் ஒரே ஒரு தடவை அடைத்துக்கொண்டால் போதும். அதைச் சரிசெய்ய மூன்று நொடி ஆகும். மூன்று நொடியில் இரண்டாம் இடம் பதினோராம் இடமாகிவிடும்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மணிலாவுக்குத் தெற்கே உள்ள எங்கள் தீவில், மண்டாவே நகர நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். புருஷன் வில்மர் பக்கத்துத் தீவின் ஓர்மோக் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுடுதளத்துக்கு உல்லாசப் பயணமாக வந்தபோது இரவல் பிஸ்டலில் ஆறு இரும்புத் தட்டுகளை ஆறே தோட்டாவில் சாய்த்தவள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

எங்கள் சுடுதளம் கொன்சொலாசியோனில், மலையைக் குடைந்துவிட்டுக் கைவிட்ட ஒரு பழைய கல்குவாரிக்குள் இருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் தகரக் கொட்டகைதான் என் பட்டறை. நான் பிறந்தது வீட்டுக்கு வீடு துப்பாக்கி செய்யும் தனா ஊரில். எங்கள் தெருவில் சமையல் பாத்திரம் இல்லாத வீடு இருக்கலாம், அரம் இல்லாத வீடு இருக்காது. உரிமம் வாங்கி முறையாக வேலை பார்க்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னைவிட இளையவர்கள் எல்லோருக்கும் நான் நோங் அம்போய், அதாவது அம்போய் அண்ணன்.

அன்று இரண்டு மணி நேரம் அவளை விடவில்லை. ஒவ்வொரு பிஸ்டலையும் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டச் சொன்னேன். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் தானாக வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உன் துப்பாக்கி இல்லை. இரண்டு பிஸ்டல்களின் பிடி அவள் விரல்களுக்குத் தடிமன். ஒன்றின் விசை கரகரத்தது. மிச்சம் இரண்டு. ஒன்று பிளாஸ்டிக் உடல், லேசானது. இன்னொன்று முழுக்க எஃகு, பழைய அமைப்பு, தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக அடுக்கும் மேகசின். முந்தைய சொந்தக்காரர் கனடாவுக்குக் குடிபோனவர்.

அவள் லேசானதை விரும்பினாள். நான் எஃகைக் கொடுத்தேன்.

"இது கனமா இருக்கு நோங்."

"இருக்கட்டும். லேசான துப்பாக்கி உன் கையை நம்பி ஓடும். கனமானது தன் கனத்துலயே பாதி வேலையைப் பாத்துக்கும்."

அப்போதும் உடனே வாங்கிவிடவில்லை. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை இழுத்து வெளியே எறியும் கொக்கியில் ஒரு கூட்டை மாட்டி உதறிப் பார்த்தோம். விழவில்லை. இரண்டு சனிக்கிழமைகளில், ஒருமுறைகூடத் துடைக்காமல், எண்ணெய் விடாமல், முந்நூறு தோட்டா சுட்டோம். ஒன்றுகூட அடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உரிமக் காகிதங்களுக்கு எழுதிப் போட்டோம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி வில்மரைக்கூட நான் இவ்வளவு சோதிக்கல," என்றாள்.

"சோதிச்சிருந்தா நான் தேறியிருக்க மாட்டேன்," என்றான் கூட வந்திருந்த வில்மர்.

அவளைப்போல் ஒரு பிஸ்டலைப் பராமரித்தவர்களை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் தேதி போட்டு எழுதினாள். மூவாயிரத்துக்கு ஒருமுறை, சுடும்போது பின்னால் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கை மாற்றினாள், அது நன்றாக இருந்தாலும் சரி. மூன்று மேகசின்களுக்கும் நகப்பூச்சால் எண் போட்டாள். எது தடுமாறுகிறது என்று தெரியவேண்டும் என்பதற்காக. ஸ்லைடு ஓடும் தடத்தில் நான்கே சொட்டு எண்ணெய், அதற்கு மேல் விட்டால் குவாரிப் புழுதி ஒட்டும். தோட்டாக்களையும் வீட்டிலேயே கை எந்திரத்தில் தானே செய்தாள். செய்த ஒவ்வொன்றையும் கழற்றிய குழலுக்குள் போட்டுப் பார்ப்பாள். தானாக உள்ளே விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் அது பயிற்சிக்கு. போட்டிக்கு ஆகாது.

"எங்க வீட்டுக் கருவாடுகூடத் துப்பாக்கி எண்ணெய் மணக்குது," என்று வில்மர் எல்லோரிடமும் புலம்புவான். புலம்பிக்கொண்டே அவளுடைய தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான்.

ஐந்து வருஷத்தில் இருபத்தோராயிரம் தோட்டா. ஒருமுறைகூட அந்த பிஸ்டல் நிற்கவில்லை. விசயாஸ் தீவுகளின் பெண்கள் பிரிவில் மூன்று தடவை முதலிடம். தேசியப் போட்டியில் ஒரு தடவை இரண்டாமிடம். அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் தேசிய அணிக்கு ஆகஸ்டில், மணிலாவுக்கு வடக்கே பம்பாங்காவில் தேர்வு என்று அறிவித்தபோது அவள் பெயரைச் சொல்லாதவர்கள் இல்லை.

ஜனவரியில் வரும் சினுலோக் திருவிழா முடிந்த மூன்றாவது வாரம், ஒரு சாதாரணக் கிளப் போட்டியில், பிஸ்டல் நின்றது.

வெளியே பறக்க வேண்டிய கூடு ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நின்றது, கூரையில் புகைபோக்கி நிற்பதுபோல. அவள் அதைத் தட்டிவிட்டுச் சுட்டு முடித்தாள். முடித்ததும் நேராகப் பட்டறைக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கூடு மாட்டுச்சு."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணு மாட்டுச்சு நோங். இதுவரைக்கும் மாட்டுனதில்ல."

ஸ்பிரிங்கை மாற்றினேன். நானே இருநூறு சுட்டுப் பார்த்தேன். தையல் எந்திரம்போல ஓடியது. அடுத்த சனிக்கிழமை அவள் கையில் இரண்டு தடவை நின்றது.

கொக்கியைப் புதிதாகப் போட்டேன். மேகசின்களில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வாய் விளிம்புகளை அளந்தேன், ஒன்று விரிந்திருந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது கொடுத்தேன். என் கையில் முந்நூறு, ஒரு தடங்கல் இல்லை. அவள் கையில் நாற்பதாவது தோட்டாவில் நின்றது. தோட்டாவின் வெடிமருந்து மேல் சந்தேகம் வந்தது. போட்டிக்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்துக்குச் சற்றே மேலே வைத்துத்தான் அவள் தோட்டா செய்வாள். கொஞ்சம் மருந்தைக் கூட்டச் சொன்னேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் மறுபடியும்.

"இது உங்க கையில மட்டும் ஓடுது," என்றாள். சிரிக்கவில்லை.

"நோங்கை அது காதலிக்குது," என்றான் வில்மர்.

"நீ சும்மா இரு."

ஏப்ரலில் என்னிடம் சொல்லாமல் நகரத்தில் இன்னொருவனிடம் எடுத்துப்போனாள். அவன் தோட்டா ஏறும் சரிவை அரம் போட்டுப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தான். அது தேவையே இல்லாத வேலை. திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னால் முடியாதபோது அவள் வேறு எங்கே போவாள்.

எங்கள் கிளப்பில் நார்சிங் என்று ஒரு சிமெண்ட் வியாபாரி. வாய் நீளம். ஒரு நாள் சலோமே சுட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் நின்று, "துப்பாக்கில ஒண்ணுமில்ல நோங். மணிக்கட்டு தொய்யுது. பொம்பளைங்களுக்கு எல்லாம் வர்றதுதான்," என்றான்.

சொன்னதில் பாதி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுடும்போது ஸ்லைடு பின்னால் ஓடவேண்டும் என்றால் துப்பாக்கியின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு இளகினால் உடலும் சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு முழுதும் ஓடாது. கூடு மாட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் சொல்வோம்.

ஆனால் பாக்கிப் பாதி எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "அஞ்சு வருஷமா தொய்யாத மணிக்கட்டு இப்பத்தான் தொய்யுதா? உன்னை மூணு தடவை ஜெயிச்ச மணிக்கட்டு அது. போய் உன் மூட்டையை எண்ணு," என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நார்சிங் முகம் சிவந்து போய்விட்டான். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அவன் சொன்னதுதான் சரி. அதைக் காதில் போட்டுக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

மே மாதம் வேறு வழியில்லாமல் அவளிடம், "பிஸ்டலை மாத்திடலாம்," என்றேன். முதல் நாள் செய்ததுபோலவே மறுபடியும் மேஜையில் எடுத்து வைத்தேன். என்னிடம் இருந்ததிலேயே நம்பகமானது ஒரு பிளாஸ்டிக் உடல் பிஸ்டல். போலீஸ்காரர்கள் சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடுவது. கையில் கொடுத்தேன். பத்துத் தோட்டா. இரண்டாவதில் நின்றது. நான்காவதில் நின்றது. ஏழாவதில் நின்றது.

அன்றுதான் துப்பாக்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சுடு," என்றேன். சுட்டாள். குழல் வானத்தைப் பார்க்க எழும்பியது. மணிக்கட்டு கதவுக் கீல்போல மடங்கியது. அவளுடைய எஃகு பிஸ்டலைக் கொடுத்தேன். அந்தப் பழைய அமைப்பில் பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். அவள் நீட்டினாள், விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். தகடு அழுந்தவே இல்லை.

"கையைக் காட்டு."

"ஏன்?"

"காட்டும்மா."

வலது கையைத் திருப்பிப் பிடித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புடைத்திருக்க வேண்டிய சதை இல்லை. அந்த இடம் கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் குழிந்திருந்தது. இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே சதை இருந்தது.

"மெலிஞ்சுட்டேன் போல," என்றாள்.

"ஒரு கை மட்டுமா மெலியும்?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீங்களும் நார்சிங் மாதிரி பேசறீங்களா? பொம்பள கைன்னு சொல்லவர்றீங்களா?"

"இல்ல. டாக்டர்கிட்ட போன்னு சொல்றேன்."

அவள் போகவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்பிரிங் பிடி ஒன்றை வாங்கி அலுவலகத்தில்கூட அழுத்திக்கொண்டிருந்தாள். ரப்பர் பந்து, ஈரத்துணியை முறுக்குவது, வாளியில் மணல் நிரப்பித் தூக்குவது எல்லாம் செய்தாள். கை தேறவில்லை. இன்னும் குழிந்தது. ஜூனில் நீதிபதி அவளைக் கூப்பிட்டு, சாட்சி சொன்னதில் மூன்று வரி விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டாராம். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. அதற்குப் பிறகுதான் வில்மர் கப்பலுக்கு லீவு போட்டுவிட்டு அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்பினார். அவர் ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தார். முடிவு சொல்ல ஒரு மாதம் ஆனது.

ஜூலையில் ஒரு முற்பகல் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். வில்மர் உள்ளே வரவில்லை. வாசலில் இருந்த பலாமரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைத்தான். அவன் அதை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. சலோமே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நரம்பு சாகுதாம் நோங். கையில ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் இன்னொரு கை. அப்புறம் காலு. கடைசியா தொண்டை, மூச்சு."

"மருந்து?"

"இல்லியாம்."

"மணிலால பாக்கலாம். அங்க பெரிய..."

"மணிலாலதான் பாத்தோம். ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு." மேஜையில் கிடந்த ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "நாம தேவையில்லாம நாலு ஸ்பிரிங் மாத்தியிருக்கோம்."

காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

"தேர்வுக்கு அஞ்சு வாரம் இருக்கு," என்றாள். "எனக்கு அங்க சுடணும். அணியில வந்தாலும் அடுத்த வருஷம் போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா தேர்வுல சுடணும். இந்தக் கைக்கு ஓடற மாதிரி துப்பாக்கியை மாத்திக் குடுங்க."

"அது முடியாது."

"முடியும். எப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

எப்படி என்று எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. பாதுகாப்புத் தகட்டின் மேல் உலோகம் வைத்து ஒரு மேடு எழுப்பினால் லேசான உள்ளங்கைக்கும் அழுந்தும். ஸ்பிரிங்கைத் தளர்வாகப் போட்டால் தொய்ந்த மணிக்கட்டிலும் ஸ்லைடு முழுதும் ஓடும். விசையைப் போட்டி விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுக்கு இறக்கலாம். பிடியின் பலகைகளில் கரடுமுரடாகக் கோடு வெட்டலாம். எல்லாம் நான் செய்யக்கூடிய வேலைதான். செய்யலாமா என்பதுதான் கேள்வி. பிடிக்க முடியாத கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி.

வெளியே போய் வில்மரிடம் கேட்டேன். "நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது நோங். வீட்டுல இருந்தா சுவரையே பாத்துக்கிட்டு இருக்கா. தோட்டா செய்யறப்ப மட்டும்தான் பேசறா." சிகரெட்டை மரத்தில் அழுத்தி அணைத்தான். "இப்ப எந்திரத்தோட கைப்பிடியை நான் இழுக்கறேன். அவ எண்ணறா."

நான் செய்து கொடுத்தேன். ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிடி நழுவுவதுபோல் தோன்றினால் அந்த நொடியே நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். அவள் சரி என்றாள்.

முதல் வாரம் பிஸ்டல் ஓடியது. எழுபது தோட்டா, ஒன்றும் நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் ஒரு நாள் முழுக்க முட்டாள்தனமாக எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் தப்பாகச் சொல்லியிருக்கலாம். இப்படியே நின்றுவிடலாம். இரண்டாவது வாரம் மறுபடி கூடு மாட்டியது. ஸ்பிரிங்கை இன்னும் ஒரு படி இறக்கினேன். மூன்றாவது வாரம் இன்னொரு படி. கை இறங்க இறங்க நான் ஸ்பிரிங்கை இறக்கிக்கொண்டே போனேன். ஆனால் ஸ்பிரிங்கை ஓரளவுக்குத்தான் இறக்கலாம். அதற்குக் கீழே போனால் ஸ்லைடு திரும்பி வந்து மூடாது. நான்காவது வாரம் அந்த அளவுக்கு வந்துவிட்டோம். அவளிடம் சொன்னேன்.

"இதுக்கு மேல இல்ல."

"சரி. இது போதும்," என்றாள்.

பம்பாங்காவுக்கு மூன்று பேரும் போனோம். மழை பெய்து ஓய்ந்த காலை. எண்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். யாருக்கும் விஷயம் தெரியாது. "என்ன மேடம், இளைச்சுட்டீங்க? டயட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். "கருவாட்டு டயட்," என்றாள் சலோமே. நார்சிங்கும் சுட வந்திருந்தான். தூரத்தில் இருந்தே தலையசைத்தான். இடுப்புறை மாட்டிய பெல்ட்டை அவளுக்கு வில்மர் கட்டிவிட்டான். வெயிலுக்குக் கையுறை போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டாள்.

முதல் சுற்று நன்றாகவே போனது. மெதுவாகச் சுட்டாள், ஒன்றும் தவறவில்லை. இரண்டாவதில் ஒரு கூடு மாட்டியது. தட்டிவிட்டாள். மூன்றாவதில் விசையை இழுக்க இரண்டு விரல் போட்டாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சுற்று முடிந்து வந்தபோது வலது கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும்மா," என்றேன்.

"இன்னும் ரெண்டு சுத்துதான்."

"எனக்குச் சத்தியம் பண்ணியிருக்க."

"நழுவல நோங். நழுவுனா நிறுத்திடுவேன்."

அங்கேயே அந்தப் பெல்ட்டை நான் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. இன்றைக்கும் யோசித்துப் பார்த்தால் ஏன் கழற்றவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

நான்காவது சுற்றுக்கு நடுவர் தியோதி. எங்கள் தீவுக்காரர், பழைய பழக்கம். மணி ஒலித்தது. சலோமே பிஸ்டலை உருவினாள். இடப்பக்கத்துக் குறி அட்டைகள் மூன்றுக்கும் இரண்டிரண்டு தோட்டா. ஓடிப் போய் வலப்பக்கம் நின்று மேகசினை மாற்றினாள். கையை நீட்டினாள். முதல் இரும்புத் தட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது தோட்டா வெடித்ததும் பிஸ்டல் அவள் கையைவிட்டுப் பின்னால் வந்து, அவள் கால் பக்கத்தில் சரளைக் கல்லில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

"நிறுத்து," என்றார் தியோதி.

துப்பாக்கி கீழே விழுந்தால் போட்டியிலிருந்து வெளியே. எப்படி விழுந்தது என்ற கேள்வியே கிடையாது. விழுந்ததைச் சுட்டவர் தொடவும் கூடாது. அவள் நகராமல் நின்றாள். தியோதி குனிந்து பிஸ்டலை எடுத்து, மேகசினைக் கழற்றி, குழலின் பின்னறையில் இருந்த தோட்டாவை வெளியே எடுத்து, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். அவள் வாங்க முயன்றாள். விரல்கள் மூடவில்லை. அவரே அவள் இடுப்புறையில் செருகினார்.

"விதி தெரியும் இல்லியா மேடம்," என்றார் தணிந்த குரலில்.

"தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கேன்."

மதிப்பெண் தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். நார்சிங் தன் குடையை எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி வண்டிவரைக்கும் நடந்தான். வாயைத் திறக்கவில்லை. வண்டியில் ஏறியதும் பசிக்கிறது என்றாள் சலோமே. வழியில் ஒரு கடையில் நிறுத்திச் சுட்ட பன்றி இறைச்சியும் சோறும் வாங்கினோம். வில்மர் ஊட்டிவிட்டான். முதல் தடவையாக எங்கள் முன்னால் ஊட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. டிசம்பரில் வேலையை விட்டாள். உரிமம் புதுப்பிக்கும் தேதி வந்தபோது உடல் தகுதிச் சான்று கிடைக்காது என்பதால் பிஸ்டலை விற்க வேண்டியிருந்தது. போகோல் தீவிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். நல்ல கை, வலுவான பிடி. முதல் மேகசினிலேயே, "ஸ்பிரிங் ரொம்பத் தளர்வா இருக்கே," என்றார். சாதாரண ஸ்பிரிங்கைப் போட்டேன். தகட்டு மேட்டை அரத்தால் இறக்கினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அவளுடைய தோட்டாக் கணக்கு நோட்டையும் கேட்டார். இத்தனை ஒழுங்காக வைத்திருந்தவர் யார் என்றார். மண்டாவேயில் ஒரு பெண்மணி என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். வில்மர் கப்பல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறான். கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலோர நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே இருந்தாள். பேச்சு குழறிவிட்டது. பழகியவர்களுக்குப் புரியும்.

"யாரு போனாங்க?" என்று கேட்டாள். அணிக்கு யார் போனார்கள் என்று கேட்கிறாள்.

"தாவாவ் பொண்ணு ஒருத்தி. பதினாலாவது இடம்."

"நின்னுச்சா?"

"இல்ல. நிக்கலன்னு சொன்னாங்க."

நல்லது என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு கொசு வந்து அவள் வலது புறங்கையில் உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு சிவந்து உப்புகிறவரைக்கும் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து போய் அதை ஓட்டிவிட்டேன்.

"வில்மர்," என்றாள். "நோங்குக்கு சாப்பாடு போடு."

இருந்து சாப்பிட்டுவிட்டு, நாலு மணி ஜீப்னி வண்டியில் மலைக்குத் திரும்பினேன்.